வாளி

கடை வாசலில் ஒரு நீல வாளி.
மணிக்கொரு முறை நெரெட்வாவில் மொண்டுவந்து மாற்றுவேன்.

ஆகஸ்டு. கோன்யிட்ஸின் கல்பாலம்கூடச் சுடுகிறது.
ஸாக்ரெப்பிலிருந்து வந்த பல்வைத்தியர்
அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாய் நின்று சிரிக்கிறார்:
"இந்த வெயிலில் எதற்கம்மா எனக்கு இந்தக் கறுப்புத் தோல்?"
நான் வாதாடுவதில்லை. வாளியைக் காட்டுவேன்.
முழங்கை வரை விடுங்கள்.
இருபது எண்ணுங்கள்.
அவர் ஒன்பதில் எடுத்தார்.
எடுத்த கையை மற்ற கையால்
யாரோ அந்நியருடையதைப் போலத் தடவிக்கொண்டே
"என் அளவு லார்ஜ்" என்றார்.
எக்ஸ்ட்ரா லார்ஜ், ஐயா.
வயிற்றிடம் பொய் சொல்லலாம்,
ஜிப்பிடம் முடியாது.

ஆகஸ்டு மேலே காற்றுக்குத்தான்.
கீழே ஓடுவது இன்னும்
பிரேன் மலையின் பனியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தச் செருப்பும் ஆகாது.
முதல் சுழியிலேயே அது தனியாகப் பயணம் போய்விடும்.
கயிறு கட்டிய பழைய ஷூ போதும்,
மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு கயிறு.
மோதிரம் இந்த டப்பாவில்.
(திரும்ப வந்து கேட்காத மோதிரங்கள் மூன்று கிடக்கின்றன.
நான் விசாரிப்பதில்லை.)

ஏப்ரலில் வருகிறவர்கள் வேறு ரகம்.
பனி உருகி, பச்சை வெளுத்து,
பாறையெல்லாம் முங்கிக் கிடக்கும் நதிக்கு
வீட்டு அலமாரியையே உடுத்திக்கொண்டு வருவார்கள்:
பருத்தி பனியன், அதன்மேல் பருத்தி, கீழே ஜீன்ஸ்.
கழற்றுங்கள் என்பேன்.
நனைந்த பருத்தி நன்றிகெட்டது.
உடம்புச் சூட்டைக் குடித்துவிட்டுத் தானும் காயாது.
கம்பளி அப்படியில்லை,
நனைந்தபிறகும் கொஞ்சம் விசுவாசம் மிச்சம் வைத்திருக்கும்.
ஆக, உள்ளே மெல்லிய கம்பளி,
மேலே ஐந்து மில்லி நியோப்ரீன்,
அதற்கும் மேலே கழுத்தையும் மணிக்கட்டையும் கவ்வும் சட்டை,
கைக்கு உறை, காலுக்கு உறை.
லைஃப் ஜாக்கெட்டை
"மூச்சு முட்டுகிறது" என்று முறையிடும்வரை இறுக்கி,
தோள்வாரைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பேன்.
காதுவரை ஏறினால் இன்னும் ஒரு இழுப்பு.

மாலையில் நாற்பத்திரண்டு உடைகளையும்
உள்வெளியாய்த் திருப்பி அலசுவேன்.
தண்ணீரில் அப்படிச் செய்யவேயில்லை என்று
எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.
உடை சத்தியம் செய்வதில்லை.

அக்டோபரில்தான் அது நடந்தது.
நதி மெலிந்து பாறைகள் முட்டி காட்டுகிற மாதம்,
இரண்டு மணிக்கே வெயில் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடும்.
யாசென்கோ படகு ஓட்டி.
எட்டு வருடமாய் என் வாளியைக் கேலி செய்கிறவன்.
அன்று வானத்தைப் பார்த்தான், வாளியைப் பார்க்கவில்லை,
கையில்லாத கோடை உடையோடு போனான்.
திரும்பி வந்தபோது உதடு கத்தரிக்காய் நிறம்.
ஆயிரம் முறை அவிழ்த்த கொக்கியை
விரல்கள் மறந்துவிட்டிருந்தன.
"ராஸெமா" என்ற என் பெயரை
மூன்று துண்டாகச் சொன்னான்.
நான்தான் அவிழ்த்தேன். துடைத்தேன்.
காய்ந்ததாய் வேறெதுவும் கைக்கு எட்டவில்லை,
போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றி
அவன் தலைவழியே மாட்டினேன்.
கை முழங்கையோடு நின்றது. தொப்புள் தெரிந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர். கடை அடைத்தாயிற்று.
தலையில்லாத நாற்பத்திரண்டு பேர்
கம்பியில் தொங்கிச் சொட்டுகிறார்கள்.
முட்டிக் கிழிசல்களுக்குப் பசை தடவுகிறேன்.
கணக்கு சரியாக இருக்கிறது, ஸ்வெட்டரைத் தவிர.
காப்பிக் கடையில்
கோட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்,
இழுத்து இழுத்துக் கையை நீட்டிவிட்டானாம்.

வாளியைக் கவிழ்க்கும்முன்
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
நானும் முழங்கை வரை விட்டு எண்ணினேன்.

பதினான்கு.