சுழியம் என்று எழுதியவை

துவாஸ் துறைமுகத்தில்
பளுதூக்கியின் உச்சியில் ஒரு காற்றுமானி,
மூன்று கிண்ணங்கள்.
பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
ஓராண்டின் எண்களை
வெய்புல் வளைவுக்குள் உட்காரவைக்கச்
சம்பளம் தருகிறார்கள்.

உட்கார்ந்தும் விடுகின்றன பெரும்பாலும்.
வினாடிக்கு இரண்டு மீட்டரில் ஒரு திமில்,
அதன் வலப்புறம்
மெலிந்து மெலிந்து
அச்சைத் தொடாமலே போகும் வால்.
வடிவ எண் ஒன்று புள்ளி ஏழு.
மேலாளர் ஜியாஹுய் தலையசைத்தார்.

அந்த வாலுக்கும் அப்பால்
ஜூன் விடியலில் ஒரு சுமத்ரா,
பத்தொன்பது புள்ளி நான்கு.
வளைவைக் கேட்டால்
ஐயாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது.
வெற்றுக் கொள்கலன்கள் இரண்டு
அதைக் கேட்காமல் சரிந்தன.

அதற்கொரு தனி வளைவு பொருத்திக்கொள்ளலாம்.
எனக்குத் தொல்லை சுழியங்கள்.
நாலாயிரத்துச் சொச்சம்.
மடக்கை எடுத்தால் அடியில்லாக் கிணறு.
பொறுக்கித் தனிக் கோப்பில் போட்டு
'அமைதி' என்று பெயர் வைத்தேன்.

மஸ்தான் பாய் திரையை எட்டிப் பார்த்தார்.
பதினோரு வருடமாக அந்த உச்சியின்
கண்ணாடிக் கூண்டில் வேலை.
"அமைதியா? அச்சுல உப்பு ஏறிக் கிடக்கு தம்பி.
அரை மீட்டருக்கெல்லாம் அது அசையாது.
காத்து இருந்துச்சு.
என் கழுத்துக்குத் தெரியும்."

கோப்பின் பெயரை அழித்தேன்.
வேறு பெயர் இன்னும் தட்டவில்லை.

பூன் லே. பேருந்துக்கு நிற்கிறேன்.
தூங்குமூஞ்சி மரத்தில்
ஓர் இலைகூட ஆடவில்லை.
பின்கழுத்து வியர்வையில் மட்டும்
ஏதோ குளிர்கிறது,
அளவுக்குக் கீழே.