ஒரு வசனம் பாக்கி

அந்தப் பிப்ரவரியில் ஹான்காக் நகரத்தில்
பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது.
அப்பாவின் காரைத் தேட
துடைப்பக் கட்டையால் குத்திக் குத்திப் பார்த்தோம்.
ஊரின் ஒரே திரையரங்கில்
மூன்று வாரமாக ஒரே படம்:
அடுத்த படத்தின் பெட்டி
மில்வாக்கிக்கு அந்தப்பக்கம் எங்கோ மாட்டிக்கிடந்தது.

நான் அங்கே டிக்கெட் கிழிப்பவன்.
வயது பதினைந்து.
மூக்குக்கண்ணாடியின் இடது காது
பிளாஸ்திரியில் நிற்கிறது.
பிளாஸ்திரிக்குக் காரணம் ரூடி டெர்வோ.

அவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
கதவு அகலத்துக்கு முதுகு.
நடுவரைக் கடித்ததற்காக
ஹாக்கி அணியிலிருந்து துரத்தப்பட்டவன்.
தினமும் பதினொன்று ஐம்பதுக்கு
என் லாக்கர் முன்னால் கை நீட்டுவான்,
வாடகை வசூலிக்க வந்தவனின் சலிப்போடு.

முக்கால் டாலர். மூன்று நாணயம்.
ஒன்றில் என் அக்கா ஐனோ
நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள்,
"எங்கேதான் போகிறது, பார்ப்போம்."
செவ்வாய் இரவு
திருமதி பெலெக்ரினியின் கல்லாவில்
அந்தப் பொட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

ஆக, என் பசியில்தான்
அவன் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் என்றால் சிரிப்புப் படம்.
மில்ட்டன் என்றொரு நோஞ்சான், டிராம்போன் வாசிப்பவன்.
ஹாங்க் என்றொரு தடியன்.
ஒரு மணி நேரம் குப்பைத்தொட்டியில்
தலைகீழாய்க் கிடந்தபின்
மில்ட்டன் உணவுக்கூட மேசைமேல் ஏறி
ஒரு வசனம் பேசுவான்.
ஹாங்க் பின்வாங்கி, ஜெல்லியில் வழுக்கி,
மசித்த உருளைக்கிழங்கு அண்டாவில்
பொத்தென்று உட்காருவான்.
ஊரே கைதட்டும்.

கடைசி வரிசையில் ரூடியும் தட்டினான்.
எல்லோரையும்விடச் சத்தமாக.
விசில் வேறு.
இருட்டில் துடைப்பத்தோடு நின்ற எனக்கு
அப்போதுதான் உறைத்தது:
அடப்பாவி, இவன் தன்னை
மில்ட்டன் என்றல்லவா நினைத்திருக்கிறான்!

இரண்டு இரவு தூக்கமில்லை.
குளியலறைக் கண்ணாடி முன்
வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.
ஐனோ கதவைத் தட்டி,
"யாரோடு சண்டை?" என்றாள்.
"பல் தேய்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐம்பது.
மேசை எதுவும் கைக்கெட்டவில்லை.
தரை துடைக்கும் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறினேன்.
"என் காசை எடுத்துக்கொள்.
என் தொப்பியை எடுத்துக்கொள்..."

அப்புறம்?

நடைகூடம் முழுக்க முகங்கள்.
பதினேழு தடவை கேட்ட வசனம்
அப்பாவின் கார் மாதிரி
எங்கோ புதைந்துகிடந்தது.
ரூடி பொறுத்துப் பார்த்தான்.
பிறகு, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு
விடை தருகிறவன்போல
உதடு அசையாமல் சொன்னான்:
"என் பயத்தையும்."

"ஆமாம்," என்றேன்.
"என் பயத்தையும் எடுத்துக்கொள்.
எனக்கு இனி அது வேண்டாம்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.
கொடுத்ததை எந்தப் பையில் போடுவதென்று
தெரியாதவனாய் நின்றான்.
யாரோ ஒருத்தி தட்டினாள், ஒரே ஒரு தட்டு.
ஜெல்லியில்லை, அண்டாவில்லை.
வழுக்கியது வாளி.
விழுந்தது நான்.
கண்ணாடியின் வலது காதும் போயிற்று.

சனிக்கிழமை, கடைசிக் காட்சி.
திருமதி பெலெக்ரினிக்குக் காய்ச்சல்,
கல்லாவிலும் நான்தான்.
ரூடி கசங்கிய இரண்டு தாள்களை வைத்தான்.
உள்ளங்கையில் மண்வெட்டிக் கொப்புளம்;
யார் வீட்டுப் பனியையோ வாரியிருக்கிறான்.
மீதிச் சில்லறையில் சிவப்புப் பொட்டைச் சேர்த்துக் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தான்.
பாப்கார்னுக்கென்று அதையே திரும்ப வைத்தான்.

"புதுப் படம் வந்துவிட்டதாமே?"
"திங்கள் முதல். ஒரு விவாகரத்தைப் பற்றி."
"சிரிப்பா?"
"இல்லை."
"சே," என்றான்.

டிக்கெட்டைக் கிழித்தேன்.
பாதி அவனுக்கு.