சலவைக் கணக்கு

எங்கள் வேலிக்கு அப்பால் ஓடுபாதை,
இப்பால் என் கொடிக்கயிறு.
நடுவில் லிங்கன்ஷயரின் சேறு, இருவருக்கும் பொது.
பையன்களின் சட்டைகள் திங்களன்று வரும்,
வெள்ளியன்று போகும்.
காலருக்குள் சிவப்பு நூலில் எண் தைத்திருக்கும்.
பெயர் எனக்கு வேண்டாம் என்று
முதல் குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டேன்.

இன்றிரவு பறப்பு உண்டா என்பது
ஊரில் எனக்குத்தான் முதலில் தெரியும்.
முகாம் வாசலில் தொலைபேசிக் கூண்டைப் பூட்டுவார்கள்.
பிறகு பெட்ரோல் லாரிகள்.
பிறகு குண்டு ஏற்றிய வண்டித்தொடர்,
பன்றிகளைச் சந்தைக்கு இழுத்துப் போவது மாதிரி
அவசரமே இல்லாமல்.
"நிறைய ஊத்துறாங்க, தூரம்தான்" என்பார் பால்காரர் பிளாங்கின்.
நாலு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால்
எல்லாம் ரத்து.
பையன்கள் சைக்கிளில் மதுக்கடைக்குப் பறப்பார்கள்,
கடன்காரன் வாசல்வரை வந்து திரும்பிவிட்டதைப் போல.

ரத்தாகாத இரவுகளில்
பதினாறு விமானங்கள் என் கூரையை உரசி ஏறும்.
அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசும்.
எண்ணமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே
எண்ணுவேன்.
விடியலில் மறுபடியும்.
பதினாலு. பிறகு, தேநீர் ஆறிப்போன பின்,
இருமிக்கொண்டு ஒன்று.

எட்டு மணிக்குப் பட்டியலோடு வருவாள் கார்ப்பரல் டக்வெல்.
"இந்த ஏழு எண்கள், மிஸஸ் ஆட்லிங்."
காய்ந்ததோ ஈரமோ, எடுத்துக் கொடுப்பேன்.
கடிதங்களையெல்லாம் அவள் படித்துவிடுவாளாம்;
மனைவி கண்ணில் படக்கூடாதவை
அடுப்புக்குள் போகும்.
சட்டைகளில் அப்படி ஏதும் இருக்காது.
இருந்ததை நான் துவைத்திருப்பேன்.

நானூற்றுப் பதினேழும் அப்படித்தான் போனான்.
நாலாம் நாள் கதவு தட்டல்:
"நாலு, ஒன்று, ஏழு. சட்டை தயாரா?"
யாருடையதோ ஒரு ஸ்வெட்டர், உரிந்த மூக்கு.
இரண்டு இரவு கடலில், ரப்பர்ப் படகில்.
சட்டை அதற்குள் கிடங்குக்குப் போயிருந்தது,
கிடங்கு போனதைத் திருப்பித் தருவதில்லை;
அது கனடாவுக்கு, அவன் அம்மாவுக்குப் போய்த்தான் தீரும்.
சிரித்தான். "எனக்கு முன்னால் அது ஊர் போய்ச் சேரட்டும்."
என் கணவரின் நீலக்கோடு போட்ட சட்டையைக் கொடுத்தேன்.
கை நீளம் குறைவு.

அதன்பின் அடிக்கடி வருவான்.
விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து
பொத்தானை அழுத்துகிறவன் அவன்தான்.
கீழே என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
"அடுப்பைக் கிளறினால் தெரியுமே, அது."
அன்று ஞாயிறு.
அங்கேயும் பெண்கள் நாளைக்கென்று
தொட்டியில் துணி ஊறவைத்திருப்பார்கள்.
நினைத்தேன், சொல்லவில்லை.
அந்த வாரம் அவன் காலரில்
நீலம் கொஞ்சம் கூடிப்போனது.

ஜூனில் பதினாறு போய்
பதினைந்து வந்தது.
டக்வெல் எண்ணை வாசிக்கும்முன்
பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டேன்,
நீலக்கோட்டுச் சட்டையையும் சேர்த்து.

ஆகஸ்டில் ஒரு தபால், எனக்கு.
சஸ்காச்சுவான் முத்திரை, கடலுப்பின் வாடை.
தாள் மடிப்பில் அதே சட்டை.
"உயிரோடிருப்பவன் சட்டை என் வீட்டில் எதற்கு?
அவனிடமே கொடுங்கள். உங்கள் சோப்பு நல்ல சோப்பு."
ஏப்ரலில் எழுதியது.
காலரில் சிவப்பு எண்ணைப் பிரித்தெடுத்துவிட்டு
கறுப்பு நூலில், கோணலாக,
ஓரெஸ்ட் ஹன்சக் என்று தைத்திருந்தாள்.

டக்வெல்லிடம் இதற்குப் பட்டியல் இல்லை.
திங்களன்று மற்றவற்றோடு ஊறவைத்தேன்.
நூல் சாயம் விடவில்லை.
நாலு மணிக்கு வானம் சுத்தமாக இருந்தது.
கூண்டைப் பூட்டினார்கள்.