தூசி விளக்கு

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
என் பையில் இருக்கிறது நெருப்பில்லாத புகை,
விரல் நீளக் கண்ணாடிக் குழலில்.
முனையை ஒடித்து ரப்பர் குமிழை அழுத்தினால்
வெள்ளையாய் ஒரு நூல் வரும்.
அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

கிரிம்ஸ்பி. விடிகாலை நாலு.
துறைமுகத்து மீன்வாடையை
வாசலிலேயே நிறுத்திவிடுகிறது ரொட்டி.
மூட்டை கொட்டும் மேடையருகே கின்டாவ்டஸ்,
லித்துவேனியாக்காரர், கதவுக்குக் குனிகிற உயரம்,
புருவம் வரை மாவு.
இரண்டு தும்மலுக்கு நடுவே வணக்கம் சொன்னார்.
"சளி" என்றார், நான் கேட்காமலே.
திங்களன்று வந்து
விடுமுறைக்கு ஊர் போய்விடும் சளி.

மேடைக்கு மேலே தகரத்தில் உறிஞ்சுவாய்.
பக்கத்தில் அழுத்தமானி. முள் பச்சையில்.
விரல்முட்டியால் தட்டினேன். பச்சை.
விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
நின்றது.
அப்போதும் பச்சை.

முதலாளியம்மா ஹோல்ராய்ட்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
எத்தனை நாளாய் என்று நான் கேட்கவில்லை.
ஆணியில் தொங்கிய பதிவேட்டில்
வாராவாரம் சரி, சரி, சரி,
ஒரே பேனா, ஒரே சாய்வு.

விசிறியை ஓடவிட்டு நூலை விட்டேன்.
உறிஞ்சுவாயை நோக்கி இரண்டு சாண் போனது.
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டாற்போல் நின்றது.
திரும்பி வந்து
கின்டாவ்டஸின் தாடிக்குள் நுழைந்தது.

கூடத்து விளக்கையெல்லாம் அணைத்தோம்.
அவருக்குப் பின்னால் என் விளக்கை நிறுத்தி
ஒரு மூட்டை கொட்டச் சொன்னேன், எப்போதும்போல.
இருட்டில் அந்த ஒற்றைக் கற்றைக்குள்
கொதித்தது காற்று.
தோளைச் சுற்றி ஏறி, காதோரம் சுழன்று,
அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம்
ஒரு பிடி உள்ளே போனது;
விடும்போது, கொஞ்சம் குறைவாக, வெளியே வந்தது.
இந்தப் பக்கம் வந்து நின்று அவரும் பார்த்தார்.
"இது எப்பவும் இருக்கா?"
விளக்கு இல்லாதபோதும் இருக்கிறது என்றேன்.
வாயை மூடிக்கொண்டார்.
மூக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஏணி போட்டு ஏறினேன்.
இரண்டாவது வளைவில், குழாய்க்குள் இருக்கும் தகடு
முக்கால்வாசி மூடிக் கிடந்தது.
கைப்பிடி அசையாதபடி
மாவு மூட்டையின் வாய் தைத்த நூலால்
ஏழெட்டுச் சுற்று, மேலே நல்ல முடிச்சு.

"நான்தான்" என்றார் கீழிருந்து.
பிறகு, என்னிடமா அம்மாவிடமா என்று தெரியாமல்:
"பிசைகிற மாவு சட்டியில் அறையும் சத்தம்
ஒரு கட்டத்தில் மாறும்.
ஈரத்துணி அடிப்பதுபோல் இருந்தது
கைதட்டுவதுபோல் ஆகும். அதுதான் பதம்.
விசிறி முழுசாய் ஓடினால் அது கேட்கவில்லை.
போன வருஷம் ஒரு ரொட்டிகூடத் திரும்பி வரவில்லை."
அம்மா தலையசைத்தார். அது உண்மைதான்.

நூலை அறுத்தேன்.
தகட்டைத் திறந்தேன். கூடம் இரைந்தது.
இப்போது புகை நூல்
ஊசிக்குள் போவதுபோல் போனது.
ஆனாலும் முள் செத்த கருவி செத்ததுதான்.
சிவப்புச் சீட்டை ஒட்டி, படிவத்தில் எழுதினேன்:
அழுத்தமானி மாற்றவும்,
தகட்டுக்குப் பூட்டு,
இவரை மருத்துவரிடம் அனுப்பவும்.
குறிப்புகள் என்ற கட்டம் சின்னது. அதில் நெருக்கி
விசிறிக்கு ஒலியடக்கி, இந்த மாதமே,
இல்லையென்றால் பூட்டையும் அறுப்பார்கள் என்று எழுதி
கடைசி வரியை அடித்தேன்.
பிறகு அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

பையை மூடும்போது கின்டாவ்டஸ் ஏதோ கேட்டார்.
இரைச்சலில் விழவில்லை.
என்ன என்று சைகை காட்டினேன்.
சட்டியைக் காட்டினார், காதைக் காட்டினார்,
வெள்ளைக் கை இரண்டையும் விரித்தார்.