ஒன்றை ஒன்றால் பெருக்கினால்

தீயணைப்பு லாரியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலிகள் போட்டேன்.
இருபது போட்டதில் பதினொன்று நிறைந்தது,
அதிலும் ஒருவர் காப்பிக்காக வந்தவர்.

டன்மோர் கவுண்டி, நெப்ராஸ்கா.
எழுநூற்று நாற்பது சதுர மைல், எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்,
பேரிடர் அலுவலர் ஒருத்தி, அரைச் சம்பளத்தில்.
மீதி அரைக்கு நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

மாநிலத் தலைநகர் அனுப்பிய தாள் முழுக்கக் கட்டங்கள்.
எத்தனை முறை வரும்? ஒன்று முதல் ஐந்து.
வந்தால் எவ்வளவு போகும்? ஒன்று முதல் ஐந்து.
இரண்டையும் பெருக்கு. பெரிய எண் மேலே.
பணம் மேலிருந்து தொடங்கிக் கீழே வரும்,
வரும்வரை மிச்சமிருந்தால்.

"சுழற்காற்று" என்று வாசித்தேன்.
டெல்பர்ட் க்ரூகர் தொப்பியைக் கழற்றித்
திரும்பவும் மாட்டிக்கொண்டார்.
"என் கொட்டகையைக் கொண்டுபோனது.
பக்கத்துக் கொடியில் காய்ந்த துண்டை விட்டுவிட்டது.
அதற்கு என்ன எண்?"
மூன்று என்று எழுதினேன்.
அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஆலங்கட்டி மழைக்கு வாக்குவாதமே இல்லை, ஐந்து.
மக்காச்சோளம் விதைத்தவனிடம் அதைக் கேட்பதே
பல்வலிக்காரனிடம் பல்லைக் கேட்பது மாதிரி.

புல்வெளித் தீக்கு நான்கு சொன்னார்கள்.
"இந்த லாரியை ஓட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்"
என்று பின்வரிசையில் யாரோ கேட்டதும்
மூன்று கைகள் எழுந்தன. ஒன்றில் மாவுக்கட்டு.
நான்கை அடித்து ஐந்தாக்கினேன்.

பனிச்சரிவு என்று ஒரு வரி இருந்தது.
எங்களிடம் மலை இல்லை.
நிலநடுக்கம் என்றதும் சிரித்தே விட்டார்கள்.
ஒன்று, ஒன்று. பெருக்கினால் ஒன்று.

பிறகு வெள்ளம்.
காப்பி இயந்திரம் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

அந்த மார்ச்சில் தரை கல்லாக உறைந்து கிடக்க
அதன்மேல் இரண்டு நாள் மழை.
ஒரு சொட்டும் உள்ளே இறங்க மண் இடம் தரவில்லை.
பிளம் ஓடை தன் பனிக்கூரையைத் தானே பிளந்து
கதவுகள் கதவுகளாகச் சுமந்து வந்தது.
ஏழாம் பாலம் போனது.
பாலத்துக்கு அப்பால் ஒரே ஒரு வீடு.

அந்த வீட்டுக்காரி மூன்றாம் வரிசையில் இருந்தாள்,
ஆர்டிஸ் ஸ்வோபோடா, மடியில் கையுறைகளோடு.
அவள் கணவன் எமில் தண்ணீரில் சாகவில்லை.
அவர்கள் வீட்டுப் படியைக்கூட வெள்ளம் தொடவில்லை.
சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்,
ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வந்துகொண்டிருந்தது.
ரேடியோவில் அந்த வழியைச் சொன்ன குரல் என்னுடையது.

தாள் கேட்பதற்குப் பதில் எழுதினேன்.
ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள், ஒன்று.
சேதம்: பாலம், ஒன்று. வீடு, இல்லை.
வெள்ளத்தால் மரணம்: பூஜ்யம். ஆகவே ஒன்று.
பெருக்கினேன். நிலநடுக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஆர்டிஸ் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.
"கணக்கு சரிதான்" என்றாள்.
கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.
"மைலுக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா?"
இல்லை என்றேன்.
"நாற்பத்தொன்று. எங்காவது எழுது."
ஓரத்து வெள்ளையில் பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டபின்
காலிப் பேருந்தை அந்தச் சுற்றுவழியில் ஓட்டினேன்.
வடக்கே சரளைச் சாலை, தானியக் கிடங்கு,
கிழக்கே தார், மறுபடி சரளை.
ஒரு பசு சாலையின் நடுவே நின்று
என்னை நகரச் சொல்வதுபோலப் பார்த்தது.
அவள் அஞ்சல் பெட்டியருகே நிறுத்தி மீட்டரைப் படித்தேன்.
நாற்பத்து மூன்று, புள்ளி ஆறு.

இரண்டரை மைலை அவள் குறைத்துச் சொல்லியிருக்கிறாள்.
யாருக்காக என்று தெரியவில்லை.
வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை.
இருக்கைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து
ஸ்டியரிங்மேல் வைத்து அழித்தேன்,
அழித்த இடத்திலேயே திருத்தி எழுதினேன்,
இந்த முறை பேனாவால்.