செருப்புக் கணக்கு

அபாயப் பலகையின் மேல்
ஈர உடைகள் காய்கின்றன.

சிர்கெவ்வாவில் காபி வண்டிக்காரி ஜிட்டா
பாறைமேல் கிடக்கும் செருப்புகளை எண்ணுவாள்.
எண்ணி முடித்தால்தான் வண்டியைப் பூட்டுவாள்;
இதற்கு யாரும் காசு தருவதில்லை.
காலையில் பதினேழு ஜோடி.

மூழ்க வருகிறவர்கள்
சிலிண்டரில் இருக்கும் காற்றைப் பார்க்கிறார்கள்,
வடமேற்கிலிருந்து வரும் காற்றை அல்ல.
மதியத்துக்குள் அலை
இரும்பு ஏணியை முழுக்க விழுங்கியிருந்தது.

நான்கு மணி.
நீல ஜோடி ஒன்று மட்டும் மிச்சம்.
அடுப்பில் பால் பொங்கி வழிய
கடற்காவல் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

"ரெண்டு பஸ்தீட்சி."
வெறுங்காலோடு ஒருவன், முழங்காலில் ரத்தம்.
போனை வைத்துவிட்டு
அவனைப் பெற்றவள்வரைக்கும் இழுத்துத் திட்டினாள்.
"போய்ச் செருப்பை எடுத்துத் தொலை!"

வாய் நிறைய மென்றபடி
திரும்பிப் பார்த்தான்.
"நீலமா?
என்னோடது அலையிலயே போயிடுச்சே."