உடப்புக்குப் போகிறவளுக்கு

அடுத்த கிழமை நீயும் போகிறாயாம், பூவாயி.
பதினோராம் நம்பர் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது,
பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிற எனக்கு
நேற்றுத்தான் சொல்கிறாய்.
சரி, கேள்.

பொகவந்தலாவையில் முதல் பஸ்.
கினிகத்தேனை இறக்கத்தில் காது அடைக்கும்.
சிலாபம் தாண்டியும் திறக்கவில்லையென்றால்
நன்றாகக் கொட்டாவி விடு.

மீன்காரர் வில்லவராசா வீட்டில்தானே தங்கப்போகிறாய்?
மண் சரிந்து பாதை மூடிய கிழமை
லொறியை மடுவத்தடியில் விட்டுவிட்டு
நம் லயத்துக் காம்பராவில்
மூன்று ராத்திரி படுத்தவர்.
அந்தக் கடனைத் தீர்க்கிறார் மனுசர்.
கூச்சப்படாமல் சாப்பிடு.
அவர் பெண்சாதி பவளக்கொடி
மீன் தலையை உன் கோப்பையில் வைப்பாள்.
அது மரியாதை.
நான் தெரியாமல் பூனைக்குப் போட்டேன்.

நாலரைக்கு முழிப்பு வரும்.
பெரட்டுக்குச் சங்கு ஊதாது.
ஊதாத சங்குக்காக
முதல் நாள் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்,
தலைமுடியை முடிந்துகொண்டு.
நீ எழுந்து கரைக்குப் போ.
படங்கு கட்டாத இடுப்பு
யாருடையதோ மாதிரி இருக்கும்,
ரெண்டு நாளில் பழகிவிடும்.

கடலைப் பார்த்ததும்
எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிடாதே.
நான் கேட்டேன்.
இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நண்டுக்குப் பயப்படாதே.
அட்டை மாதிரி இல்லை, நம்மைக் கண்டால் அதுவே ஓடும்.
பகலில் மணல் சுடும்.
மத்தியானம் வாடிக்குள் படுத்துத் தூங்கு.
யாரும் பேர் வெட்டமாட்டார்கள்.
இதை நான் சொல்லாவிட்டால் நீ தூங்கமாட்டாய்.

இனிச் சொல்வதை மற்றவர்களிடம் சொல்லாதே.

மூன்றாம் நாள் விடியலில்
கரைவலை இழுத்தார்கள்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் பதினெட்டுப் பேர்,
அந்தப் பக்கம் அத்தனை பேர்,
குதிகால் மணலில் புதைய, முதுகு பின்னால் சாய.
வடிவாக இருந்தது.
மகனுடைய போனைத் தூக்கிப் பிடித்தேன்.
திரைக்குள் ஒருத்தன்,
வயது முப்பது இருக்கும்,
என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பூவாயி.
வான் நிறுத்தி இறங்குகிறவர்கள்
‘கொஞ்சம் இங்கே பாருங்க’ என்னும்போது
கூடைக் கயிறு நெற்றியை அறுக்க
நானும் நீயும் சிரிக்கிற சிரிப்பு.
அவர்கள் ஊருக்குப் போய் எழுதுவார்களாம்,
பார்க்க வேண்டியவை:
அருவி, ரயில் பாலம், நாம்.

போனை முந்தானையில் முடிந்தேன்.
போய்க் கயிற்றைப் பிடித்தேன்.
யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை,
முன்னால் நின்றவன் ஒரு முழம் தள்ளி நின்றான், அவ்வளவுதான்.

மடி கரையேறியதும்
என் கண் தராசைத் தேடியது.
சம்மாட்டி கையால் அள்ளிக் கூறு வைத்தார்.
எனக்கும் ஒரு கூறு, சூடையும் காரலும்.
‘ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?’ என்றேன்.
‘எந்த ஈரத்துக்கு?’ என்றார்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதே.
வலைக்காரனுக்குப் பாதி போய்த்தான் கூறே வரும்.
பவளக்கொடியின் நகைச்சீட்டும்
நம்முடையதைப் போலவே
வங்கியில்தான் தூங்குகிறது.

திரும்புகிற அன்று அவள் கேட்டாள்,
‘உங்க ஊருக்கு வந்தா
நான் என்ன செய்யுறது?’

முப்பத்தெட்டு வருசம் இங்கே இருக்கிறேன்.
ஒரு பதிலும் வரவில்லை.
பஸ் சிலாபம் வரும்வரை யோசித்தேன்.
நேற்று மூட்டைக்கு மூன்று கிலோ கழித்தபோது
உள்ளங்கையில் கயிறு உரித்த இடம் எரிந்தது,
அப்போதும் யோசித்தேன்.

நீ போனதும் அவள் கேட்பாள். நிச்சயம் கேட்பாள்.
நான் சொன்னதாகச் சொல்லு,
சுவெட்டர் இங்கே இருக்கிறது, வாங்க வேண்டாம்.
மழை விட்டால் மேல்மலைக்குக் கூட்டிப் போகிறேன்,
அங்கே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது,
வெறும் பனிமூட்டம்தான்,
இருந்தாலும் கூட்டிப் போகிறேன்.

வரும்போது அவள் ஊர் உப்பு
ஒரு கட்டு கொண்டுவரட்டும்.
அட்டைக்கு.